கீழூரில் ஒரு நாள் வாக்கு, அதன்பின் எட்டாண்டு வாதம்

நவம்பர் முதல் நாளில் பெங்களூர் மஞ்சளும் சிவப்பும் அணிந்துகொள்கிறது. கன்னடம் பேசும் பகுதிகள் 1956-ஆம் ஆண்டு அந்நாளில் ஒரே மாநிலமாக இணைந்ததை நினைவுகூர்ந்து தெருமுனைகளில் கொடியேற்றுகிறார்கள். ஆட்டோக்களிலும் கடை வாசல்களிலும் கொடிகள் அசைகின்றன. அதே நாளில், இங்கிருந்து ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் தொலைவில், புதுச்சேரியிலும் கொடியேற்றம் நடைபெறுகிறது. அங்கே அது விடுதலை நாள். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது.

வார இறுதியில் குடும்பத்தோடு புதுச்சேரி சென்றுவரும் பெங்களூர்வாசிகள் பலர். கடற்கரைச் சாலையையும், மஞ்சள் சுவர்கள் கொண்ட பழைய வீதிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பும் அவர்களுள் பெரும்பாலோர், நகரத்துக்கு மேற்கே, வில்லியனூருக்கு அப்பால் கீழூர் என்னும் சிற்றூர் இருப்பதை அறிவதில்லை. அங்கே ஒரு நினைவிடம் உள்ளது. 1954 அக்டோபர் 18 அன்று மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட 178 பேர் அவ்வூரில் கூடி, பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விலகி இந்தியாவுடன் இணைவதா என்று வாக்களித்தார்கள். இணைவதற்கு ஆதரவாக 170 வாக்குகள். எதிராக 8 வாக்குகள்.

ஓர் அரசியல் ஒன்றியத்தைவிட்டு விலக வாக்களித்தல் என்றவுடன் இன்று நம் நினைவுக்கு வருவது பிரிட்டன்தான். 2016 ஜூன் 24 காலையில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகும் என்ற முடிவு வெளியானபோது, பெங்களூரின் மென்பொருள் அலுவலகங்களிலும் அன்றைய பேச்சு அதுவாகவே இருந்தது. முடிவு வந்த பின்னர் மூன்றரை ஆண்டுகள் அந்நாடு தனக்குள் வழக்காடிக்கொண்டிருந்ததை நாம் வியப்போடு பார்த்தோம். வாக்குகளை எண்ணி முடித்தால் விவாதமும் முடியவேண்டும் அல்லவா? அது ஏன் அப்போதுதான் தொடங்குகிறது? இக்கேள்விக்கு விடை காண நாம் இலண்டன் வரை செல்ல வேண்டியதில்லை. கீழூரின் கதையே அதற்குப் போதுமான விளக்கம் தருகிறது.

எந்த ஒன்றியத்திலிருந்து விலகல்?

1947-இல் ஆங்கிலேயர் வெளியேறியபோது, இந்திய நிலப்பரப்பில் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் ஐந்து பகுதிகள் எஞ்சியிருந்தன: புதுச்சேரி, காரைக்கால், மலையாளக் கரையில் மாஹே, ஆந்திரக் கரையில் ஏனாம், வங்கத்தில் சந்திரநாகூர். இவை அனைத்தும் சேர்ந்தே பிரெஞ்சிந்தியா எனப்பட்டன. புதுச்சேரியும்கூட ஒரே தொடர்ச்சியான நிலமன்று. ஒரு ஊர் பிரெஞ்சுக்காரருடையது, அடுத்த ஊர் சென்னை மாகாணத்தினுடையது, அதற்கடுத்தது மீண்டும் பிரெஞ்சுக்காரருடையது என்று நிலங்கள் பின்னிக் கிடந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946-இல் பிரான்சு புதிய அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டது. அதன்படி பிரான்சும் அதன் கடல்கடந்த பகுதிகளும் சேர்ந்து ‘பிரெஞ்சு ஒன்றியம்’ என்னும் அமைப்பாயின. பிரெஞ்சிந்தியா அந்த ஒன்றியத்தின் உறுப்பாக இருந்தது. இங்கிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் பாரிஸ் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். உள்ளூரில் ஒரு பிரதிநிதிகள் சபையும், ஒவ்வொரு கொம்யூனுக்கும் ஒரு நகராட்சியும் இருந்தன. நகராட்சிக் கட்டடத்தைப் புதுச்சேரி மக்கள் ‘மேரி’ என்று பிரெஞ்சுப் பெயராலேயே இன்றும் குறிப்பிடுவது அக்காலத்தின் எச்சம்.

ஆகவே புதுச்சேரி மக்கள்முன் இருந்தது வெறும் அந்நியர் வெளியேற்றம் பற்றிய கேள்வியன்று. பல குடும்பங்களில் தந்தையோ மகனோ பிரெஞ்சுப் படையில் பணியாற்றினார். அவரைப் புதுச்சேரித் தமிழில் ‘சொல்தா’ என்பார்கள். சைகோனில் அரசு அலுவலில் இருந்தோர் பலர். 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தமது மரபுவழிக் குடும்பச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்களும் இருந்தன. மறுபுறம், பஞ்சாலைத் தொழிலாளர்கள் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு பேரை இழந்த ஊர் இது. அப்போராட்டத்தை நடத்திய வ. சுப்பையா போன்றோருக்குப் பிரெஞ்சு ஆட்சியைப் பற்றிய நினைவு வேறு விதமானது. ஒரே தெருவில் வாழ்ந்த இரு வீட்டார்க்கு விலகல் என்னும் ஒரே சொல் இரு வேறு பொருள் தந்தது.

பொதுவாக்கெடுப்பு ஏன் நடக்கவில்லை?

1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. தங்கள் எதிர்காலத்தை அந்தந்தப் பகுதி மக்களே முடிவுசெய்யட்டும் என்பது அதன் சாரம். முதலில் நகராட்சித் தேர்தல் நடக்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் வாக்கெடுப்பின் நாளையும் முறையையும் வகுப்பார்கள்.

சந்திரநாகூர் முந்திக்கொண்டது. 1949 ஜூன் 19 அன்று அங்கே பொதுவாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவுடன் இணைய ஆதரவாக 7,473 பேரும், எதிராக 114 பேரும் வாக்களித்தனர். மறு ஆண்டு மே மாதத்திலேயே நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1952 ஜூனில் சட்டப்படியான மாற்றமும் நிறைவுற்றது.

மற்ற நான்கு பகுதிகளிலும் இது நடக்கவில்லை. வாக்காளர் பட்டியலில் யார் யார் இடம்பெறலாம், தேர்தலை யார் நடத்துவது, மிரட்டல் இன்றி மக்கள் வாக்களிக்க முடியுமா என்னும் கேள்விகளிலேயே ஆண்டுகள் கழிந்தன. பன்னாட்டு நீதிமன்றத்தின் வழியே குறிக்கப்பட்ட நடுநிலைப் பார்வையாளர்கள் 1951-இல் வந்து பார்த்துவிட்டு, அன்றைய சூழலில் நியாயமான வாக்கெடுப்பு நடத்த இயலாது என்ற கருத்தையே தெரிவித்தனர்.

இதற்கிடையில் வாழ்க்கை இறுகியது. பிரெஞ்சிந்தியாவோடு இருந்த சுங்க ஒப்பந்தத்தை இந்தியா 1949-இல் முடித்துக்கொண்டது. அதுவரை தடையின்றிச் சென்றுவந்த வண்டிகள் சோதனைச் சாவடிகளில் நின்றன. பக்கத்து ஊர் வயலுக்குச் செல்லும் உழவரும் எல்லையைக் கடக்கவேண்டியிருந்தது. கடத்தல் தொழிலாகிவிட்டது. 1954-இல் எல்லைக் கட்டுப்பாடுகள் மேலும் கடுமையாயின.

அவ்வாண்டு மார்ச்சில் நிலைமை திரும்பியது. பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் பிரெஞ்சிந்தியாவின் உறுப்பினராக இருந்தவரும், அதுவரை பிரெஞ்சு ஒன்றியத்தில் நீடிப்பதை ஆதரித்தவருமான எதுவார் குபேர் இணைப்பின் பக்கம் வந்தார். வாக்கெடுப்பு இல்லாமலே இணைப்பு வேண்டும் என்று நகராட்சிகள் தீர்மானம் இயற்றின. மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏற்றப்பட்டுத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. ஜூனில் ஏனாமும், ஜூலையில் மாஹேயும் பிரெஞ்சு நிர்வாகத்தின் கையைவிட்டுப் போயின. இந்தோசீனாவில் தியென் பியென் பூக் கோட்டை மே மாதத்தில் வீழ்ந்திருந்தது. ஜூனில் பிரான்சின் தலைமையமைச்சரான மென்டெஸ் பிரான்ஸ், இந்தியாவில் எஞ்சிய சிறு பகுதிகளுக்காக நட்பை இழப்பதில் பயனில்லை என்னும் நிலைக்கு வந்தார்.

கீழூரில் அன்று

இருதரப்பும் ஒரு நடுவழியைக் கண்டன. எல்லா மக்களும் வாக்களிக்கும் பொதுவாக்கெடுப்பு இல்லை. வாக்கே இல்லாத இணைப்பும் இல்லை. மக்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும் வாக்களிப்பார்கள். இடம், நகரத்தின் ஆரவாரத்துக்கு எட்டாத கீழூர்.

அக்டோபர் 18 அன்று வாக்களிப்பு நடந்து முடிந்தது. மூன்று நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று புதுதில்லியில் இரு நாடுகளும் உடன்பாட்டில் கையொப்பமிட்டன. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. கேவல் சிங் இந்திய அரசின் சார்பில் முதன்மை ஆணையராகப் பொறுப்பேற்றார். வாக்கெடுப்பிலிருந்து கொடி மாற்றம் வரை பதினான்கே நாட்கள். அத்தனை விரைவைப் பார்த்தவர்கள் பிரச்சினை தீர்ந்தது என்றே எண்ணியிருப்பார்கள்.

முதல் வாதம்: இது மக்களின் ஒப்புதலா?

தீரவில்லை. 1946-ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசியலமைப்பில் 27-ஆம் பிரிவு ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: நிலப்பகுதி எதையும் வேறொரு நாட்டுக்குக் கொடுப்பதானால், அங்கு வாழும் மக்களின் ஒப்புதல் இல்லாமல் அது செல்லாது. கீழூரில் வாக்களித்தவர்கள் 178 பேர். அவர்கள் ஒப்புக்கொண்டது, சில இலட்சம் மக்கள் ஒப்புக்கொண்டதாகுமா? இதுவே பாரிஸிலும் புதுச்சேரியிலும் எழுந்த முதல் வாதம்.

இருபுறத்து வாதத்திலும் வலு இருந்தது. நேரடியாக மக்களைக் கேட்காத முடிவில் மக்களின் ஒப்புதலைக் காண முடியாது என்றனர் ஒருசாரார். சந்திரநாகூரில் மக்களைக் கேட்டீர்களே, இங்கே மட்டும் ஏன் கேட்கவில்லை என்று அவர்கள் வினவியதில் நியாயம் உண்டு. மக்களே தேர்ந்தெடுத்தவர்கள் மக்களின் குரலாகப் பேசுவதுதான் மக்களாட்சி என்றனர் மறுசாரார். அச்சமும் அடிதடியும் நிலவிய அந்நாட்களில் பொதுவாக்கெடுப்பு நடத்தியிருந்தால், அதன் முடிவையும் எவரேனும் ஏற்க மறுத்திருப்பர் என்று அவர்கள் சுட்டிக்காட்டியதையும் தள்ளிவிட முடியாது.

இணைப்புக்கான உடன்படிக்கை 1956 மே 28 அன்று கையொப்பமானது. ஆனால் அதற்குப் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஏற்பு தேவைப்பட்டது. அல்சீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ஓரிடத்தைக் கொடுத்தால் அடுத்த இடத்துக்கும் அதுவே முன்னுதாரணமாகிவிடும் என்ற அச்சம் பாரிஸில் இருந்தது. 1958-இல் அங்கே அரசியலமைப்பே மாறியது. ஒருவாறாக அல்சீரியப் போர் முடிந்த பின்னர், 1962-இல் நாடாளுமன்றம் உடன்படிக்கையை ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் 16 அன்று ஏற்பு ஆவணங்கள் பரிமாறப்பட்டன. அன்றுதான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவின் பகுதியாயிற்று.

எந்த நாளைக் கொண்டாடுவது என்பதிலும் கருத்து வேறுபாடு நீடித்தது. கொடி மாறிய நவம்பர் 1 தான் விடுதலை நாள் என்போர் ஒருபுறம். சட்டம் மாறிய ஆகஸ்ட் 16 தான் உண்மையான நாள் என்போர் மறுபுறம். இன்று இரு நாட்களுமே அரசு விழாக்கள். ஆகஸ்ட் 16 அன்று கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றுகிறார்கள்.

கொடி இந்தியாவினுடையது, சட்டம்?

இடைப்பட்ட ஏறத்தாழ எட்டாண்டுகளில் புதுச்சேரி என்னவாக இருந்தது? இந்தக் கேள்வி ஒருமுறை பேருந்தில் ஏறி உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

பேருந்து உரிமம் தொடர்பான ஒரு வழக்கு 1961-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. புதுச்சேரி அதிகாரிகளின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு. வழக்கை விசாரிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டா என்று பார்க்கும்போது அடிப்படையான ஐயம் எழுந்தது: புதுச்சேரி இந்திய நிலப்பரப்புக்கு உட்பட்டதா? நீதிமன்றம் மத்திய அரசையே கேட்டது. நிர்வாகம் எம்மிடம் உள்ளது, ஆனால் உடன்படிக்கை நடைமுறைக்கு வராதவரை அது இந்திய நிலப்பரப்பு ஆகாது என்பதே அரசின் விடை. அதை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. கீழூர் வாக்கெடுப்பு நடந்து ஏழு ஆண்டுகள் ஆன பின்னும் இதுதான் நிலை.

அங்கே இந்திய அஞ்சல் நிலையம் இருந்தது. இந்திய ரூபாய் புழங்கியது. இந்திய அதிகாரிகள் கையொப்பமிட்டார்கள். ஆனால் அங்கு வாழ்ந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்தனர். ஒரு வீட்டை விற்கவும், ஒரு மகனின் மேற்படிப்புக்குத் திட்டமிடவும், ஓர் ஓய்வூதியத்தை எதிர்பார்க்கவும் வேண்டியிருந்த குடும்பங்களுக்கு, இந்த இரண்டுங்கெட்டான் நிலை சட்ட நுணுக்கமாகத் தோன்றியிராது. அன்றாடக் கவலையாகவே இருந்திருக்கும்.

ஆறு மாத வாசல்

இவ்வளவு நீண்ட வாதம் ஏன் பெருங்கலவரமாக வெடிக்கவில்லை? காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் ஒன்று 1956-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் உள்ளடக்கம். அது வென்றவர்களின் முடிவை எழுதிவைத்ததோடு நிற்கவில்லை. தோற்றவர்களின் கவலைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து விடை எழுதியது.

முதலாவது குடியுரிமை. அப்பகுதிகளில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள், உடன்படிக்கை நடைமுறைக்கு வரும் நாளில் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். ஆனால் விருப்பமில்லாதவர்கள், அந்நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் எழுத்து வடிவில் அறிவித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம். வியட்நாம் போன்ற வெளிநாடுகளில் வாழ்ந்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடர்ந்தனர். இந்தியக் குடியுரிமை வேண்டுமானால் அவர்கள்தான் அறிவிக்கவேண்டும். மணமாகாத, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளின் நிலை தந்தையின் தெரிவைப் பொறுத்தது.

1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நான்கு பகுதிகளின் மக்கள்தொகை 3,69,079. அவர்களுள் ஏறக்குறைய 5,000 பேரே பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவுசெய்தனர். எண்ணிக்கை சிறிது, அதன் விளைவோ மூன்று தலைமுறைகளுக்கு நீண்டது. ஆறு மாத காலத்துக்குள் ஒரு தாளில் கையொப்பமிட்ட அண்ணனின் பேரப்பிள்ளைகள் பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு பாரிஸில் பணிபுரிய, கையொப்பமிடாத தம்பியின் பேரப்பிள்ளைகள் விசாவுக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சுத் தேர்தல் நடக்கும்போது புதுச்சேரியில் வாக்குச்சாவடி அமைக்கப்படுவதும், முன்னாள் ‘சொல்தா’க்களின் குடும்பங்களுக்குப் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வருவதும் அதன் தொடர்ச்சியே. எப்பக்கம் சென்றிருந்தாலும், அது தாமே தெரிவுசெய்த பக்கம் என்னும் நிறைவு அவர்களுக்கு இருந்தது. கதவு சாத்தப்படுமுன் கேட்டார்கள். கேட்டதை எழுத்தில் பெற்றார்கள். அதற்கு நாள்கெடுவும் இருந்தது.

இரண்டாவது, அப்பகுதிகளின் தனித்தன்மை. இணைப்புக்கு முன் இருந்த தனி நிர்வாக நிலை தொடரும் என்றும், அதை மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே மாற்றலாம் என்றும் உடன்படிக்கை கூறியது. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவுசெய்யும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றும் எழுதப்பட்டது. 1963 ஜூலையில் புதுச்சேரி தனிச் சட்டமன்றம் உடைய ஒன்றியப் பகுதியானது. ஒருகாலத்தில் பிரெஞ்சு ஒன்றியத்தில் நீடிக்க விரும்பிய குபேரே அதன் முதல் முதலமைச்சரானார்.

எழுதிவைத்த சொல்லின் வலிமை பின்னர் ஒருமுறை சோதிக்கப்பட்டது. 1979 ஜனவரியில், புதுச்சேரியை அண்டை மாநிலத்தோடு இணைக்கும் கருத்து தில்லியிலிருந்து வெளிப்பட்டபோது மக்கள் தெருவில் இறங்கினர், உயிரிழப்பும் நேர்ந்தது. அக்கருத்து கைவிடப்பட்டது. இந்தியாவோடு இணைய வேண்டும் என்று 1954-இல் முழங்கியவர்களும், வேண்டா என்றவர்களும் 1979-இல் ஒரே பக்கத்தில் நின்றார்கள். பழைய பிளவு அதற்குள் ஆறிவிட்டிருந்தது.

பிரிட்டனும் பெங்களூரும்

இப்போது 2016-க்கு வருவோம். பிரிட்டனில் 51.9 விழுக்காட்டினர் விலகவும், 48.1 விழுக்காட்டினர் நீடிக்கவும் வாக்களித்தனர். வாக்களித்தோர் 72 விழுக்காட்டுக்கும் மேல். யார் வாக்களித்தார்கள் என்ற கீழூர்க் கேள்விக்கு அங்கே இடமில்லை. நேரடியாக மக்களையே கேட்டார்கள். ஆயினும் விவாதம் ஓயவில்லை.

காரணம் வேறு. வாக்குச்சீட்டில் நீடிப்பதா, விலகுவதா என்று மட்டுமே கேட்கப்பட்டிருந்தது. எப்படி விலகுவது, வணிகம் என்னவாகும், அயர்லாந்து எல்லையில் சாவடி வருமா, அங்கு வாழும் ஐரோப்பியரின் நிலை என்ன என்பவற்றுக்கு எவரும் எழுத்தில் விடை வைத்திருக்கவில்லை. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர் நீடிக்கவே வாக்களித்திருந்தனர். வட அயர்லாந்திலும் பெரும்பான்மை நீடிப்பதற்கே. நாட்டின் முடிவு எங்கள் முடிவா என்று அவர்கள் கேட்டார்கள். 2019 ஜனவரியில், அரசு கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் 230 வாக்கு வேறுபாட்டில் தோற்றது. அவ்வாண்டு மார்ச்சில் விலகலையே கைவிடக் கோரிய மனுவில் அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். இறுதியில் 2020 ஜனவரி 31 அன்றுதான் விலகல் நடைமுறைக்கு வந்தது. அங்கு வாழ்ந்த ஐரோப்பியக் குடிமக்கள் தங்கள் வாழ்வுரிமைக்கு விண்ணப்பிக்க 2021 ஜூன் 30 வரை காலக்கெடு தரப்பட்டது. புதுச்சேரியின் ஆறு மாத வாசலை நினைவூட்டும் ஏற்பாடு அது.

இந்த விவாதத்தின் விலையில் ஒரு பகுதியை நாமும் செலுத்தினோம். முடிவு வெளியான நாளில் பவுண்டு, டாலருக்கு எதிராக 31 ஆண்டுகளில் காணாத அளவுக்குச் சரிந்தது. மும்பைச் சந்தையில் சென்செக்ஸ் 600 புள்ளிகளுக்கு மேல் இழந்து முடிந்தது. இலண்டனில் படிக்கும் மகளுக்குக் கட்டணம் அனுப்பவேண்டிய பெற்றோருக்குப் பவுண்டின் வீழ்ச்சி சற்று ஆறுதல். அங்கிருந்து மகன் அனுப்பும் பணத்தை நம்பிய பெற்றோருக்கு அதுவே இழப்பு. அவ்வாண்டு ஆகஸ்டில், ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து தன்னிலிருந்து தனி வங்கி ஒன்றைப் பிரித்து உருவாக்கும் திட்டத்தைக் கைவிட்டது. குறைந்த வட்டிச் சூழலும் செலவும் அதற்குப் பின்னால் இருந்தன. வாக்கெடுப்புக்குப் பிந்தைய நிச்சயமின்மையும் அச்சூழலின் பகுதியே. அத்திட்டத்தில் ஈடுபட்டிருந்த இன்ஃபோசிஸ் ஊழியர் ஏறக்குறைய 3,000 பேரை வேறு பணிகளுக்கு மாற்றவேண்டியதாயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் இந்தியாவில் இருந்தவர்கள். அயல்நாட்டின் ஒரு வாக்குச்சீட்டு, பெங்களூரில் தலைமையகம் கொண்ட நிறுவனத்தின் வேலைப் பட்டியலைத் தொட்டது.

நாணயமும் சந்தையும் ஒரு முடிவு நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. எப்போது, எப்படி என்று தெரியாத நிலையைத்தான் அவை அஞ்சுகின்றன. தெரிந்த இழப்புக்கு ஒருவர் கணக்குப் போடலாம். தெரியாத நாளைக்குக் கணக்குப் போட இயலாது.

நமக்கு என்ன?

கீழூரையும் இலண்டனையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. வாக்கெடுப்புக்குப் பின் எழும் கருத்து வேறுபாடு மக்களாட்சியின் நோய் அன்று. வாக்குச்சீட்டில் இடம்பெறாத கேள்விகள் அப்போதுதான் வாய்திறக்கின்றன. அவற்றை அடக்கினால் புகையும். விடை எழுதித் தந்தால் காலப்போக்கில் அடங்கும். புதுச்சேரியில் வாக்களித்த முறை பற்றி ஐயங்கள் இருந்தன. ஆனால் தோற்றவருக்கு உரியது எழுத்தில் இருந்தது. பிரிட்டனில் வாக்கெடுப்பு முறையில் ஐயம் குறைவு. தோற்றவருக்கு என்ன என்பது எழுதப்படாமல் இருந்தது. இரண்டிலும் விவாதம் நீண்டது. அது ஆறியது, விடைகள் ஏட்டில் ஏறிய அளவுக்குத்தான்.

இது நாடுகளுக்கு மட்டும் உரிய பாடமன்று. அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்தில் கட்டடத்தை இடித்துக் கட்டப் பெரும்பான்மை தீர்மானம் நிறைவேறும். மறுத்த இரு குடும்பங்கள் அதுவரை எங்கே தங்கும், வாடகை யார் தருவது என்பது எழுதப்பட்டிருக்காது. குடும்பத் தொழிலிலிருந்து ஒரு பங்காளி விலகுவதென எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அவர் பெயரில் உள்ள கடன் பொறுப்பும், கூட்டுக் கணக்கை இயக்கும் உரிமையும் பழையபடியே வங்கி ஏட்டில் கிடக்கும். பின்னர் மனக்கசப்பு வரும்போது, முடிவு எடுத்த நாளையே குறை சொல்வோம். குறை அந்நாளில் இல்லை. அடுத்த நாள் செய்யாமல் விட்ட வேலையில் இருக்கிறது.

ஆகவே, விலகும் முடிவோ இணையும் முடிவோ, கைகளை உயர்த்தி எண்ணியபின் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்வது நல்லது. உடன்படாதவர்க்கு என்ன வழி? அவர் முடிவு சொல்ல எந்த நாள்வரை காலம்? பழைய பொறுப்புகளும் உரிமைகளும் எந்த நாளில் யார் கைக்கு மாறுகின்றன?

அடுத்த முறை புதுச்சேரிக்குச் செல்லும்போது, கடற்கரைக்குப் போகுமுன் வில்லியனூர் வழியே கீழூருக்கும் ஒருமுறை சென்றுவாருங்கள். 170 பேரின் முடிவைப் போற்றும் இடம் அது. எதிராக வாக்களித்த எண்மரையும் அங்கே சற்று நினைத்துக்கொள்ளலாம். அவர்களைப் போல் எண்ணியவர்களுக்கும் ஒரு வாசல் திறந்து வைக்கப்பட்டதனால்தான், அந்த வாக்கு இன்று சண்டையாக நில்லாமல் நினைவாக நிற்கிறது.